எந்தச் சாமி வேணும்னு கேக்கிற தொழில்

சாமிப்படத்துக்குப் பிரேம் போடுற தொழில்ல, வர்ற ஆளைப் பார்த்த உடனே எடை போடத் தெரியலன்னா, கண்ணாடிக்கு முன்னாடி நாமதான் உடைஞ்சு போவோம்.

கவுண்டருக்குப் பின்னால நின்னு காலம் தள்ளுற உங்க எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். புடவைக் கடையில இருக்கிறவங்க நூறு புடவையை விரிச்சுப் போட்டு, "சும்மா பார்க்க வந்தோம்"னு கேட்டுத் தலையில கை வைப்பாங்க. மருந்துக் கடையில இருக்கிறவங்க டொக்டர் எழுத்தைப் பார்த்து முழிப்பாங்க. எனக்கு வாய்ச்சது வேற. வாரத்துக்கு ஒருத்தராவது வந்து, மூணு சுவரையும் அண்ணாந்து பார்த்துட்டு, "ஏன் உங்களுக்கு இத்தனை சாமி?"ன்னு கேப்பாங்க. கேக்கிறவங்க படம் வாங்க மாட்டாங்க. அது மட்டும் நிச்சயம்.

கண்டி டவுன்ல, மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கிற சின்ன லேன்ல என் கடை. முருகன் மட்டுமே எட்டு விதமா இருக்காரு. வீட்டுக்காரரு மூணு வருசத்துக்கு முன்னாடி தவறினதுல இருந்து நானும் மகளும் சாப்பிடுறது இந்தக் கடையாலதான். இந்த நேரம் பார்த்து, ரொம்ப நாளாப் பூட்டிக் கிடந்த எதிர்க்கடைக்கு யாரோ பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சாங்க. சாமிப்படக் கடைதான் வரப்போகுதுன்னு டீக்கடையில கதை. எங்க லேன்ல அப்படி ரெண்டு கடை தாங்காது. ஒண்ணு மூடணும், அது என்னோடதாத்தான் இருக்கும். அன்னையிலேருந்து கடைக்குள்ள காலெடுத்து வைக்கிற ஒவ்வொருத்தரையும் நான் ஒரு மாதிரியாத்தான் பார்த்தேன். அந்த ரெண்டு மாசத்துக் கதைதான் இது.

கொப்பிக்காரர்

மொதல்ல சந்தேகப்பட்டது ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவை. வயசு எழுபத்தஞ்சு இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில குடை, பொக்கெட்ல நோட்டு மாதிரி ஒரு சின்னக் கொப்பி. வந்தாரு, பிள்ளையார் படம் ஒண்ணு வாங்கினாரு, போனாரு. அதுல ஒண்ணும் இல்ல. அடுத்த கிழமை வந்து சரஸ்வதி கேட்டாரு. அதுக்கு அடுத்த கிழமை பாம்புச் சாமி நாகதம்பிரான். நீங்களே சொல்லுங்க, எந்த மனுசன் வாரத்துக்கு ஒரு சாமி மாத்துவான்? பிள்ளையாரைக் கொண்டுபோனவங்க திரும்பி வர்றது கண்ணாடி உடைஞ்சாத்தான். அதுக்கு ரெண்டு வருசமாவது ஆகும்.

அது மட்டும் இல்ல. வாங்குற ஒவ்வொரு படத்தையும் டேப் வச்சு நீளம் அகலம் அளப்பாரு. கொப்பியில எழுதுவாரு. ஒரு நாள் மேல் தட்டுல இருக்கிற பெரிய படங்களையும் எக்கி நின்னு அளந்தாரு. "என்னங்க ஐயா செய்றீங்க?"ன்னேன். "நான் ரிட்டயரான சர்வேயர் பிள்ளை, பழக்கம்"னாரு. பழக்கமாம். கடை போடப் போறவனுக்கும் தட்டோட அளவுதானே மொதல்ல வேணும்? எந்தச் சாமி வேணும்னு மொத்தமாச் சொன்னீங்கன்னா ஒரே தடவையில கட்டித் தந்துருவேனேன்னு தூண்டில் போட்டுப் பார்த்தேன். மனுசன் மாட்டல. குடையை விரிச்சுக்கிட்டே சொன்னாரு: "எல்லாரும் வேணும்தான் பிள்ளை, ஆனா இண்டைக்கு ஆர் வேணுமெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

திரும்பி வந்த சரஸ்வதி

சாமிப்படத்தை மாத்திக் கேட்டு வர்றவங்களும் இருக்காங்க. செருப்பு கடிச்சா மாத்துவீங்க, சரி. ஒரு தகப்பன் வந்தாரு, கட்டையா, தலையெல்லாம் எண்ணெய். பேப்பர்ல சுத்தியிருந்ததைப் பிரிச்சா உள்ள சரஸ்வதி. என் கடையில வாங்கினதுதான், பின்னாடி என் ஸ்டிக்கர் இருந்துச்சு. மகன் ஓ.எல். சோதனையில கணக்குல ஃபெயிலாம். அதனால இவங்களை வச்சுக்கிட்டு ஹயக்ரீவரைத் தரணுமாம். அவருதான் படிப்புக்கு ஸ்பெஷல்னு யாரோ சொல்லியிருக்காங்க.

கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். குங்குமப் பொட்டு இல்ல, விபூதி இல்ல, புகை படிஞ்ச மஞ்சள் ஒரு மூலையிலகூட இல்ல. கும்பிட்ட படத்துக்கு ஒரு களை இருக்கும், எங்க தொழில்ல அது பார்த்த உடனே தெரியும். இது அலுமாரிக்குப் பின்னால கிடந்த படம். "பையன் படிச்சானா?"ன்னு கேட்டேன். அவருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. படிச்சானா இல்லையாங்கிற பேச்சுக்கே அவரு வரல. எனக்கு நம்பிக்கை வரணும்னு படத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னாரு: "நல்லாப் பாருங்கக்கா, புதுசு மாதிரியே இருக்கு, ஊதுபத்திகூட அதிகம் காட்டல."

ஒண்ணு போதாதா?

இத்தனை சாமி ஏன்னு கேட்டவங்கள்ல ஒரே ஒருத்தருதான் பிரேமாவது வாங்கினாரு. அவரு ஒரு போதகரு. எங்க ஊர்ப்பக்கத்துப் பேச்சு, சிரிச்ச முகம், கையில சுருட்டின படம். பிரேம் மாதிரிகளைப் பார்த்துக்கிட்டே ஆரம்பிச்சாரு. "அக்கா, தப்பா எடுக்காதீங்க. இத்தனை பேரை எப்படி ஞாபகம் வச்சுக்கிறீங்க? மனுசனுக்கு ஒண்ணு போதாதா?" இவரு பிரேம் வாங்க வந்தாரா, ஆளை வாங்க வந்தாரான்னு எனக்குச் சந்தேகம். எதிர்க்கடை கவலையே மண்டைக்குள்ள ஓடுது, இதுல இவரு வேற. படத்தைக் காட்டுங்கன்னேன்.

சுருளை விரிச்சாரு. மூணு படம். ஒண்ணு ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்ட இயேசு, ஹோலுக்கு. இன்னொண்ணு தாய் மடியில குழந்தையா இருக்கிற இயேசு, அது மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகுதாம், அவ ரூமுக்கு. மூணாவது புயல்ல படகுல நிக்கிற இயேசு. அது அவரோட தம்பிக்கு. தம்பி திருகோணமலையில கடல் தொழில். மூணுக்கும் மூணு விதப் பிரேம் கேட்டாரு. நான் மூணையும் வரிசையா அடுக்கி வச்சுட்டு அவரையே பார்த்தேன். அவரும் படங்களைப் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு. அப்புறம் காதைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு: "இது வேறக்கா, இதுல ஆளு ஒருத்தருதான், நமக்குத்தான் தேவை மூணு."

பிலிமத்தலாவை நோனா

புதன்கிழமையும் சனிக்கிழமையும் எனக்குச் சிங்களச் சனம்தான் அதிகம். அவங்க சாமி கோயிலான தேவாலயத்துக்குப் போய்ட்டு வர்ற வழியில எட்டிப் பார்ப்பாங்க. பிலிமத்தலாவையில பித்தளைச் சாமான் கடை வச்சிருக்கிற ஒரு சிங்கள அம்மா, நோனான்னு சொல்வோம், அப்படித்தான் வந்தாங்க. வெள்ளைச் சாரி, கையில பூத்தட்டு. அவங்க கொண்டு வந்தது கதிர்காம தெய்யோ, அதாவது கதிர்காமத்துச் சாமி படம், பிரேம் போடணும். கடைக்காரங்க கடைக்கு வந்தாலே எனக்குச் சந்தேகம்தான். எதிர்க்கடை இவங்களோடதா இருக்குமோன்னு ஒரு பக்கம் ஓடுது. பித்தளை விளக்கையும் சாமிப்படத்தையும் சேர்த்து வித்தா நான் எங்க போறது?

நோனாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல. சுவரைப் பார்த்துக்கிட்டே வந்தவங்க, ஆறுமுகத்தோட மயில் மேல இருக்கிற என் முருகனுக்கு முன்னால நின்னுட்டாங்க. கையிலிருந்த படத்தையும் சுவர்ல இருக்கிறதையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அதே ஆறு முகம், அதே வேலு, அதே மயிலு. எனக்குச் சிங்களம் நல்லாவே வரும். "இவருதான் எங்க முருகன்"னேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு. எங்க சாமியை அவங்க கொண்டுபோய்ட்டாங்கங்கிற நெனப்பு எனக்குள்ள எப்பவும் உண்டு, மறைக்க மாட்டேன். நோனா பூத்தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து என் முருகன் பிரேம்ல செருகினாங்க. ரொம்ப நாளாத் தெரிஞ்ச ஒருத்தரை வேத்து ஊர்ல கண்ட மாதிரி முகமெல்லாம் சந்தோசம். என் பக்கம் திரும்பிச் சிங்களத்துல கேட்டாங்க: "அட, உங்களுக்கும் இவரு இருக்காரா?"

மஞ்சள் பூசின கல்லு

ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பொடியன் ஒருத்தன், இருபத்தஞ்சு வயசிருக்கும், போனை நீட்டினான். "அக்கா, இந்த சாமியைப் பிரேம் போட்டுத் தாங்க." பார்த்தா ஒரு மரத்தடியில ஒரு கல்லு. மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுத்தி, பக்கத்துல ஒரு சுருட்டு. கண்ணு இல்ல, மூக்கு இல்ல. எவனோ பந்தயம் கட்டி என்னைக் கேலி பண்ண அனுப்பியிருக்கான்னுதான் மொதல்ல நெனச்சேன். வெளியில யாராவது ஒளிஞ்சிருந்து வீடியோ எடுக்கிறாங்களான்னு எட்டிக்கூடப் பார்த்தேன்.

கேலி இல்ல. அடுத்த கிழமை கட்டார் போறானாம், கட்டட வேலைக்கு. தோட்டத்து வரிசை வீடு இருக்கிற லயத்துல அவங்க கும்பிடுற முனி அது. கல்லைத் தூக்கிட்டுப் போக ஏலாது, பையில வெயிட் விட மாட்டாங்க. சரி, பக்கத்து ஸ்டூடியோவுல பிரிண்ட் எடுத்து, சூட்கேஸ்ல வைக்கிற அளவுக்குச் சின்னதாப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேர வேலைதான். கொடுக்கும்போது மனசு கேக்கல. "தம்பி, முனியாண்டிக்கு நல்ல படமே இருக்கே, மீசையோட, அரிவாளோட. முகம் இருந்தாப் பார்த்துக் கும்பிட லேசு"ன்னேன். அவன் படத்தைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுச் சொன்னான்: "அவரு முகம் எனக்கு எதுக்குக்கா, அந்த ஊர்ல என் முகம் அவருக்குத் தெரிஞ்சா போதும்."

நானாவின் முணுமுணுப்பு

என் கடையில கண்ணாடி வெட்டுறது ரசீன் நானா. திகனயிலேருந்து தினம் பஸ்ல வர்ற முஸ்லிம் அண்ணன். வீட்டுக்காரரு காலத்துல இருந்து பதினெட்டு வருசமா இருக்காரு. ஒரு கீறல் போட்டாருன்னா கண்ணாடி சொன்ன பேச்சு கேக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் வெட்டுறதுக்கு முன்னால உதட்டுக்குள்ள ஏதோ முணுமுணுப்பாரு. ஒரு அம்மா, நெத்தி நிறைய விபூதி, அதைக் கவனிச்சுட்டு என் காதுல, "அவரு நம்ம சாமிக்கு என்னமோ மந்திரம் போடுறாரு, கவனம்"னாங்க. அந்த அம்மாவை நான் கடையை விட்டு அனுப்பின விதத்தை இங்க எழுத ஏலாது.

ஆனா பாருங்க, சந்தேகம் ஒரு தடவை காதுல விழுந்தா வெளிய வராது. மத்தியானம் சோத்துப் பார்சல் பிரிக்கிறப்போ கேட்டே விட்டேன். நானா, எங்க சாமிங்களைப் பார்த்து தினம் என்னதான் சொல்றீங்க? மனுசன் கோவிக்கல. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாரு, நுனியில பழைய தழும்பு. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு: "பிஸ்மி செல்றேன் தங்கச்சி, படத்துல யார் ஈக்கிறாங்கன்னு நான் பார்க்கிறதில்ல, யார்ட கையின்னு கண்ணாடியும் பார்க்கிறதில்ல."

ஆளுமில்லை, நாயுமில்லை

ஆறாவது தடவையா வந்தாரு சர்வேயர் ஐயா. அன்னைக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறதுக்காகக் கொப்பியைக் கவுண்டர்ல விரிச்சபடி வச்சுட்டாரு. நான் படிக்கல. கண்ணு தானாப் படிச்சுது. நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் பிள்ளையார், சரஸ்வதி, நாகதம்பிரான், அம்மன். அந்தப் பக்கம் அண்ணை, வாத்தியார், டொக்டர், அப்பு. எனக்குப் பொறி தட்டிருச்சு. இது ஓடர் கொப்பி. அண்ணைக்குப் பிள்ளையார், வாத்தியாருக்குச் சரஸ்வதி, டொக்டருக்கு நாகதம்பிரான். எதிர்க்கடை திறக்கிறதுக்கு முன்னாலயே வாடிக்கை பிடிச்சு, என் கடையிலேயே சாம்பிள் எடுத்துக்கிட்டிருக்காரு. என்ன நெஞ்சழுத்தம்.

கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "வைரவர் இருக்கோ பிள்ளை?"ன்னாரு. நாயோட நிக்கிற வைரவரைக் காட்டினேன். தலையை ஆட்டினாரு. "இவர் இல்லை. எங்கட வைரவருக்கு ஆளுமில்லை, நாயுமில்லை. வெறும் சூலம்தான். படலைக்குப் பக்கத்தில நட்டிருக்கும்." படலைன்னா அவங்க ஊர்ல வெளிவாசல் கேட்டு. எனக்கு இன்னும் சந்தேகம் முத்திப் போச்சு. ஒருத்தர்கிட்டயும் இல்லாத படத்தைக் கேட்டு, நான் எங்கேயிருந்து சரக்கு எடுக்கிறேன்னு நோட்டம் விடுறாரு. அப்படி ஒரு படமே உலகத்துல கிடையாதுன்னு சொன்னேன். "செய்விக்க ஏலாதோ?"ன்னு கேட்டாரு. ஏலவே ஏலாதுன்னேன். பத்து நாளைக்கு முன்னாடி ஒரு கல்லைப் போன்ல இருந்து எடுத்துப் பிரேம் போட்ட அதே வாய்தான் சொல்லிச்சு. அவரு கொஞ்சம் களைச்சுப் போய்த் தெரிஞ்சாரு. நான் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டேன். கொப்பியை மூடிப் பொக்கெட்ல வச்சுக்கிட்டுச் சொன்னாரு: "சரி பிள்ளை, அவவுக்கு நான் வேற ஏதும் சொல்லிப் பாக்கிறன்."

அவவாம். அப்போ எதிர்க்கடைக்கு முதலாளி ஒரு பொம்பளைன்னு நான் முடிவே கட்டிட்டேன்.

எதிர்க்கடை திறந்தது

ஒரு வெள்ளிக்கிழமை காலையில எதிர்க்கடை ஷட்டரைத் தூக்கினாங்க. நான் கையில துடைக்கிற துணியோட வாசல்லயே நின்னேன். உள்ள சாமியும் இல்ல, படமும் இல்ல. சுவர் முழுக்க போன் கவர். பச்சை, ரோஸ், மினுமினுப்பு. ரெண்டு பொடியன்கள் பாட்டைப் போட்டுக்கிட்டு சார்ஜர் அடுக்குறாங்க. எனக்கு நிம்மதியில சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அப்போ அந்த ஐயா யாரு? அந்தக் கொப்பி என்ன? ரெண்டு கிழமையா ஆளைக் காணோமே.

நானாகிட்டப் புலம்பினேன். இது போன் கவர் கடைன்னு தனக்கு ஒரு மாசமாத் தெரியும்னாரு. அடிச்ச பெயிண்டர் திகனக்காரராம், பஸ்ல சேர்ந்து வர்றவராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. நான் தூக்கமில்லாம உருகிக்கிட்டிருக்கேன், இவரு தெரிஞ்சும் கண்ணாடி வெட்டிக்கிட்டிருந்தாரு. ஏன் சொல்லலன்னு சத்தம் போட்டேன். நானா கட்டரை எண்ணெய்ல நனைச்சுக்கிட்டே சொன்னாரு: "கடை விசயத்துல நீங்க என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டீங்க தங்கச்சி, என்னை மட்டும் கேக்கல்ல."

அளந்து கீறின சூலம்

அடுத்த திங்கட்கிழமை மழையில சர்வேயர் ஐயா வந்தாரு. சட்டை கசங்கியிருந்துச்சு, அதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. பொலித்தீன் பைக்குள்ளயிருந்து ஒரு தாளை எடுத்துக் கவுண்டர்ல வச்சாரு. கட்டம் போட்ட தாள். அதுல ஒரு சூலம். பென்சில்ல, அடிமட்ட ஸ்கேல் வச்சு, மூணு முனைக்கும் அளவு குறிச்சு, காணி வரைபடம் மாதிரி கீறியிருந்தாரு. கீழ மண்ணு, பக்கத்துல ஒரு வேப்பங்கிளை. "படம் இல்லையெண்டு சொன்னனீங்கள். இதுக்கு ஒரு பிரேம் போட ஏலுமோ பிள்ளை?"

இதுக்கு மேல பொறுக்க முடியல. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வச்சு, யாருக்கு ஐயா இதெல்லாம்னு கேட்டேன். அவரோட சம்சாரத்துக்காம். நாலு வருசமா அவங்களுக்கு ஞாபகம் விட்டுப் போச்சு. பயம் மட்டும் ஒண்ணொண்ணா வரும். விழுந்துருவேன்னு பயம் வந்தா பிள்ளையாரைக் கேப்பாங்க. சோதனைக்குப் படிக்கலன்னு அழுதா சரஸ்வதி. கட்டில்ல பாம்புன்னா நாகதம்பிரான். கேட்ட ஆள் எதிர்ல வந்தாத்தான் அடங்குவாங்க, வேற படத்தைக் காட்டினா, இவரை எனக்குத் தெரியாதுன்னுருவாங்க. "இப்ப படலைக்குக் காவல் இல்லையாம் பிள்ளை. வைரவர் இல்லாத வீட்டுக்குள்ள வரமாட்டன் எண்டு வாசல்படியில இருக்கிறா. இராவில தூக்கித்தான் உள்ள கொண்டுபோறம். போன கிழமை மழைக்கும் எழும்பேல்லை. காய்ச்சல் வந்திட்டுது."

எனக்குக் காது ரெண்டும் சுட்டுது. ரெண்டு கிழமை. அரை மணி நேர வேலை. "ஐயா, நான் பொய் சொல்லிட்டேன்"னேன். எதிர்க்கடைக்காரருன்னு நெனச்சதையும், கொப்பியைப் படிச்சதையும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு கோவிப்பாருன்னு பார்த்தா கொப்பியை எடுத்துத் திறந்தாரு. அந்தப் பக்கம் இருந்தது ஓடர் கொடுத்தவங்க பேரு இல்ல. அந்தந்த நாள்ல சம்சாரத்துக்கு இவரு யாரு, அதுதான். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் வாத்தியார், ஒரு நாள் டொக்டர், ஒரு நாள் அவங்க அப்பா. கடைசி வரியில விரலை வச்சாரு. கள்ளன்னு எழுதியிருந்துச்சு. "முந்தாநாள் அவவும் என்னை அப்பிடித்தான் நினைச்சவ பிள்ளை, நீங்கள் மட்டும் இல்லை."

புருசன்னு ஒரு நாளாவது சொல்ல மாட்டாங்களான்னு நான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் இல்ல. "இப்படித் தினம் வேற வேற ஆளாக் கூப்பிட்டா உங்களுக்கு மனசு விட்டுப் போகலையா?"ன்னு கேட்டேன். அவரு கொப்பியை மூடிட்டுச் சாதாரணமாச் சொன்னாரு: "அவ ஆரைக் கூப்பிட்டாலும் போறது நான்தானே பிள்ளை."

படலையடி

நானா பிஸ்மி சொல்லிக் கண்ணாடி வெட்டினாரு. தண்ணி போகாம பின்னால தகரம் வச்சு அடைச்சேன். கடையை நானா பொறுப்புல விட்டுட்டு ஐயாவோட பேராதனை பஸ்ல ஏறினேன். ஏன் போனேன்னு கேட்டா, அந்தச் சூலம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு என் கண்ணால பார்க்கணும்னு இருந்துச்சு. சந்தேகப் புத்தி, வேற என்ன?

அந்த அம்மா வாசல்படியில சால்வையைப் போர்த்திக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒருத்தங்க காவலுக்கு நின்னாங்க. திறந்த கதவு வழியா உள்ள பார்த்தேன். கட்டிலுக்கு எதிர்ச் சுவர்ல நான் முறைச்சு முறைச்சு வித்த சாமிங்க அத்தனை பேரும் ஒரே மட்டத்துல, நூல் பிடிச்ச மாதிரி. நான் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கிட்டு உள்ள போகப் போனேன். ஐயா கையைப் பிடிச்சு நிறுத்தினாரு. வைரவரை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதாம், அவரு நிக்கிறது வெளியிலதானாம். இத்தனை வருசம் சாமி வித்தும் எனக்கு அது தெரியாது. படலைத் தூண்ல கம்பி கட்டித் தொங்க விட்டோம். ஐயா மட்டம் பார்த்து ரெண்டு தடவை திருத்தினாரு.

அந்த அம்மா படத்தைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் கடைக்கு வர்றவங்களைப் பார்ப்பேனே, அதே பார்வை, மேலேயிருந்து கீழே வரைக்கும். யாரு நீ, எதுக்கு வந்தேன்னு கேக்கிற பார்வை. நான் கள்ளியாத்தான் ஆகப்போறேன்னு நெனச்சேன், அதுக்குத் தகுதியும் எனக்கு இருந்துச்சு. அவங்க படியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எழும்பினாங்க. மூணு கிழமைக்கு அப்புறம் தானா எழும்பினாங்கன்னு ஐயா அப்புறமாச் சொன்னாரு. என்னைவிட இருபத்தஞ்சு வயசாவது மூத்தவங்க, உள்ள போகத் திரும்பிக்கிட்டே, பெத்த தாயைக் கூப்பிடுற குரல்ல என்கிட்டச் சொன்னாங்க: "அம்மா, படலையைச் சாத்திப்போட்டு வாங்கோ."

'ஆமா'ன்னுதான் எனக்குப் பழக்கம், ஆனா அவங்க ஊர் மாதிரி "ஓம்"னு சொல்லிட்டு நான் போய் அந்தக் கேட்டைச் சாத்தினேன்.

இப்பவும் கடைக்கு வர்ற ஒருத்தரையும் நான் லேசில நம்புறதில்ல, ஆனா "ஏன் உங்களுக்கு இத்தனை சாமி?"ன்னு யாராவது கேட்டா மட்டும், உங்களை வீட்டுல யாரு யாரு என்னென்ன சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு ஒரு கொப்பியில எழுதிக்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிடுறேன்.